வீட்டுக் கணினியில் கடல் சார்ட் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பல் படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர்கள், பிள்ளை கப்பலில் வேலை பார்க்கும் பெற்றோர், கடலோரத்தில் வளர்ந்து தண்ணீருக்கு அடியில் தரை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எனப் பலரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லோரும் "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வது சுலபம். அதற்குள் போடுவதற்கு நல்ல சார்ட், அதாவது ஆழமும் ஆபத்துகளும் குறித்த கடல் வரைபடம், எங்கே கிடைக்கும் என்பதுதான் கடினமான கேள்வி. அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் சார்ட்டைப் பற்றியே இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை இறக்கிக்கொள்ள வேண்டும்?

ஓப்பன்சிபிஎன் என்ற மென்பொருள். அதோடு அமெரிக்க அரசின் நோவா அமைப்பு இலவசமாகத் தரும் மின்னணு சார்ட்டுகள். இரண்டுக்கும் காசு இல்லை. ஓப்பன்சிபிஎன் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலும் ஓடும். உலகம் முழுக்கச் சிறு படகுக்காரர்கள் இதைப் படகிலேயே பயன்படுத்துகிறார்கள். வீட்டில் பார்த்துப் படிப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இறக்கிவிட்டேன். ஆனால் திரையில் வெறும் நிலமும் நீலக் கடலும்தான் தெரிகிறது. ஆழம், மிதவை எதுவும் இல்லையே?

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. ஓப்பன்சிபிஎன் வெறும் பார்வைக் கருவி. அதோடு வருவது உலகக் கடற்கரைக் கோடு மட்டும்தான், அதுவும் மேலோட்டமானது. ஆழ அளவுகள், கலங்கரை விளக்கங்கள், மிதவைகள், மூழ்கிய கப்பல்கள் எல்லாம் சார்ட் கோப்புகளில்தான் இருக்கின்றன. அவற்றை நீங்கள் தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இது தெரியாமல் ஒரு மென்பொருளை நீக்கிவிட்டு இன்னொன்று, அதையும் நீக்கிவிட்டு வேறொன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, சென்னை, தூத்துக்குடி சார்ட் எங்கே இலவசமாகக் கிடைக்கும்?

அதிகாரப்பூர்வமான மின்னணு சார்ட் இலவசமாகக் கிடைக்காது. இந்தியக் கடல்களை அளந்து சார்ட் வெளியிடுவது இந்தியக் கடற்படையின் கீழ் டேராடூனில் இயங்கும் தேசிய ஹைட்ரோகிராஃபிக் (கடல் அளவை) அலுவலகம். ஐ.என்.எஸ். சந்தாயக் போன்ற அளவைக் கப்பல்கள் கடலில் எடுத்துவரும் அளவுகள் அங்கேதான் சார்ட்டாகின்றன. அந்த சார்ட்டுகளை உரிமம் பெற்று, காசு கொடுத்துத்தான் வாங்க முடியும். பிரிட்டன் உட்பட உலகத்தில் பெரும்பாலான நாடுகளின் நடைமுறை இதுதான்.

விற்கப்படும் மின்னணு சார்ட் பெரும்பாலும் எஸ்-63 என்ற பாதுகாப்பு முறையில் பூட்டப்பட்டு வரும். சர்வதேச ஹைட்ரோகிராஃபிக் நிறுவனம் வகுத்த முறை அது. கப்பலில் இருக்கும் கருவிக்கென்று ஒரு பயனர் அனுமதி எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து வாங்கினால் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒரு திறவுகோல் தருவார்கள். அந்தத் திறவுகோல் இன்னொரு கருவியில் வேலை செய்யாது. ஆகவே கப்பலில் வேலை பார்க்கும் நண்பர் பென்டிரைவில் கோப்புகளைப் போட்டுக் கொடுத்தாலும் உங்கள் வீட்டுக் கணினியில் அது திறக்காது.

இணையத்தில் சிஎம்93 என்ற பெயரில் உலகம் முழுவதற்குமான ஒரு பழைய சார்ட் தொகுப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. உரிமம் இல்லாத நகல்கள் அவை. பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாதவை, சில இடங்களில் கரையே நகர்ந்து காட்டும். அதை விட்டுவிடுங்கள்.

நம் கரையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஓப்பன்சீமேப். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போலவே தன்னார்வலர்கள் சேர்க்கும் தகவல், உலாவியிலேயே திறக்கும். துறைமுகங்கள், கலங்கரை விளக்கங்கள், மிதவைகள் ஓரளவுக்கு இருக்கும். ஆழத்துக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்று, கெப்கோ. உலகக் கடலடித் தரையின் உயர வரைபடம் அது, 1903-இல் தொடங்கிய முயற்சியின் இன்றைய வடிவம். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி இலவசமாக இறக்கலாம். ஒரு கட்டம் சுமார் 450 மீட்டர் அகலம், அதனால் துறைமுக வாய், மணல்திட்டு போன்ற நுணுக்கம் எதுவும் தெரியாது. ஆனால் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் சேர்த்து ஒருமுறை வண்ணமிட்டுப் பாருங்கள். ராமேஸ்வரத்துக்கு வடக்கே கடல் முழுக்கப் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள் தட்டையாகக் கிடக்கும். தெற்கே போகப் போகத் தரை சரிந்து ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். நடுவில் ராமர் பாலம் என்ற ஆழமில்லாத வரப்பு. இலங்கையின் மேற்குக் கரைக்கும் நம் கிழக்குக் கரைக்கும் இடையே பெரிய கப்பல் ஏன் போவதில்லை, எல்லாம் ஏன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன என்பது அந்த ஒரே படத்தில் விளங்கிவிடும்.

அமெரிக்கா மட்டும் ஏன் இலவசமாகத் தருகிறது? அதைப் பார்த்து எனக்கு என்ன பயன்?

அமெரிக்க மத்திய அரசு உருவாக்கும் படைப்புகளுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் அளந்தது மக்களுக்கே என்பதுதான் அடிப்படை. அங்கே கடற்கரையை அளக்கும் பணி 1807-இல் அதிபர் ஜெஃபர்சன் காலத்தில் ஆரம்பித்தது. இன்றைய நோவாவின் கடலோர அளவைத் துறை அதன் வாரிசு. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, ஹவாய், அலாஸ்கா, குவாம் என எல்லாக் கரைகளின் சார்ட்டும் பூட்டு இல்லாமல் கிடைக்கும்.

பயனைப் பற்றிச் சொல்கிறேன். மின்னணு சார்ட் எஸ்-57 என்ற ஒரே சர்வதேச வடிவத்தில் தயாராகிறது. அதைத் திரையில் எந்த நிறத்தில், எந்தக் குறியில் காட்ட வேண்டும் என்பதற்கு எஸ்-52 என்று தனி விதி. ஆகவே பால்டிமோர் சார்ட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தூத்துக்குடி சார்ட் புதிதாக இருக்காது. ஒரே ஒரு பெரிய வித்தியாசம் மிதவைகளின் நிறம். துறைமுகத்துக்குள் நுழையும்போது அமெரிக்காவில் வலது பக்கம் சிவப்பு. நம் நாட்டில் இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. அமெரிக்காக்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஒரு முறை. மற்ற உலகம் இன்னொரு முறை. இதை முதல் நாளிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள், மாணவர்கள் தேர்வில் தடுமாறும் இடம் இது.

படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நோவாவின் சார்ட் இறக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சார்ட்டாகவும் எடுக்கலாம், மாநில வாரியாக ஒரே ஜிப் கோப்பாகவும் எடுக்கலாம். முதலில் ஒரு மாநிலம் போதும். மேரிலாந்தை எடுங்கள், காரணம் அடுத்த கேள்வியில் வரும். ஜிப்பைக் கட்டாயம் விரித்து ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். உள்ளே சார்ட்டுக்கு ஒரு ஃபோல்டர் வீதம் இருக்கும், அதற்குள் .000 என்று முடியும் கோப்பு இருக்கும். அதுதான் சார்ட். பக்கத்தில் .001, .002 என்று கோப்புகள் இருந்தால் அவை பிற்பாடு வந்த திருத்தங்கள்; அழித்துவிடாதீர்கள்.

பிறகு ஓப்பன்சிபிஎன்னைத் திறங்கள். ஓர் எச்சரிக்கை வரும், ஒப்புக்கொள்ளுங்கள். பல்சக்கரப் படம் போட்ட 'ஆப்ஷன்ஸ்' பட்டனை அழுத்தி, 'சார்ட்ஸ்' பகுதிக்குள் 'சார்ட் ஃபைல்ஸ்' போய், 'ஆட் டைரக்டரி' கொடுத்து நீங்கள் விரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கோப்பைக் காட்டக் கூடாது, ஃபோல்டரைத்தான் காட்ட வேண்டும். 'ஓகே' கொடுத்ததும் அது எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பட்டியல் போட்டுக்கொள்ளும். அப்புறம் மேரிலாந்து கரைக்கு நகர்ந்து மவுஸ் சக்கரத்தால் பெரிதாக்கினால் சார்ட் வந்துவிடும். ஒவ்வொரு சார்ட்டும் முதல் தடவை திறக்கும்போது கொஞ்சம் நேரம் எடுக்கும், தன் வசதிக்கு மாற்றி எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை சட்டென்று வரும்.

ஒன்றும் வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் ஜிப்பை விரிக்காததுதான்.

பார்க்க ஆரம்பிக்க எந்தத் துறைமுகம் நல்லது?

பால்டிமோர். 2024 மார்ச் 26 அதிகாலையில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் மின்சாரம் இழந்து பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் நொடிகளில் விழுந்தது, மேலே சாலைப் பணியில் இருந்த ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் கிளம்பியது கொழும்புக்கு. மாலுமிகளில் இருபது பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். செய்தியில் எல்லோரும் பார்த்த இடத்தைச் சார்ட்டில் பார்க்கும்போது வேறு ஒன்று தெரியும்.

பட்டாப்ஸ்கோ ஆற்றின் வாயைப் பெரிதாக்குங்கள். அகலமான தண்ணீர்தான், கரைக்குக் கரை தாராளமாக இருக்கும். ஆனால் நடுவில் இரண்டு கோடுகளுக்கு இடையே ஒரு பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். அதுதான் தூர்வாரிய கால்வாய். பாலம் இருந்த இடத்தில் அதன் பெயர் ஃபோர்ட் மெக்ஹென்றி சேனல். ஆழம் 50 அடி, அகலம் 700 அடி. மீட்டரில் சொன்னால் 15.2 ஆழம், சுமார் 213 அகலம். பட்டையின் மேல் வலது கிளிக் செய்து 'ஆப்ஜெக்ட் குவெரி' கொடுத்தால் இது தூர்வாரிய பகுதி, இவ்வளவு ஆழம் என்று தனிப் பெட்டியில் விவரம் வரும். பட்டைக்கு வெளியே இருக்கும் எண்களைப் படித்துப் பாருங்கள், சட்டென்று குறைந்துவிடும்.

டாலியின் நீளம் 300 மீட்டர். கால்வாயின் அகலத்தைவிடக் கப்பல் நீளம். அது நின்ற இடத்தில், பாலத்தின் இரும்பும் சேர்ந்து விழுந்த பிறகு, பெரிய கப்பல் எதுவும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாமல் துறைமுகமே பூட்டியது. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, பக்கவாட்டில் ஒதுங்கிப் போகக் கூடாதா என்று அப்போது பலர் கேட்டார்கள். முதலில் திறந்த தற்காலிக வழிக்கு 11 அடி ஆழம்தான், அடுத்ததற்கு 14 அடி. பிறகு 20 அடி, 35 அடி என்று வந்து, முழு அகலமும் முழு ஆழமும் ஜூன் 10-ஆம் தேதிதான் திரும்பக் கிடைத்தது. ஏன் அப்படி என்பதைச் சார்ட்டில் அந்தப் பட்டைக்கு இரு புறமும் இருக்கும் எண்கள் சொல்லிவிடும். சார்ட் பார்க்கக் கற்றுக்கொள்வது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அமெரிக்க சார்ட்டில் ஆழக்கோடுகள் 5.4, 9.1, 18.2 என்று விநோதமாக இருக்கின்றனவே?

அந்தக் கோடுகள் ஆரம்பத்தில் அடியிலும் ஃபேதம் கணக்கிலும் வரையப்பட்டவை. நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகம் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதே அளவு: ஆறு அடி. மூன்று ஃபேதம் கோடு 5.4 மீட்டர், ஐந்து ஃபேதம் 9.1, பத்து ஃபேதம் 18.2. பத்து ஃபேதம் சரியாகக் கணக்குப் போட்டால் 18.288 வரும், ஆனால் முழுமையாக்கும்போது மேலே ஏற்றாமல் வெட்டி 18.2 என்று வைத்திருக்கிறார்கள். ஆழத்தில் எப்போதும் குறைத்துச் சொல்வதுதான் பாதுகாப்பு. புதிதாக மறுபடி தயாரிக்கும் சார்ட்டுகளில் முழு மீட்டர் கோடுகளுக்கு நோவா மாறிக்கொண்டிருக்கிறது, ஆகவே பக்கத்துப் பக்கத்து சார்ட்டில் கோடுகள் பொருந்தாமல் தெரிவதும் உண்டு.

ஓப்பன்சிபிஎன்னில் ஆழத்தை மீட்டர், அடி, ஃபேதம் மூன்றிலும் காட்டச் சொல்லலாம். உங்கள் அப்பாவோ தாத்தாவோ கடலுக்குப் போனவர் என்றால் ஃபேதத்துக்கு மாற்றி அவர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கமே வேண்டாம்.

நிறங்களுக்கு என்ன அர்த்தம்?

மண்நிறம் நிலம். பச்சை, நீர் வற்றும்போது வெளியே தெரிந்து ஏறும்போது மூழ்கும் இடம். அப்புறம் நீலத்தில் சில படிகள்: அடர்த்தியான நீலம் ஆழம் குறைவு, வெளிற வெளிற ஆழம் அதிகம். கூகுள் மேப்பில் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும், அங்கே கரும் நீலம்தான் ஆழ்கடல். இங்கே கருநீலம் என்றால் ஜாக்கிரதை.

நீலம் எங்கே மாற வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. 'வெக்டர் சார்ட் டிஸ்ப்ளே' பகுதியில் ஷாலோ, சேஃப்டி, டீப் என்று மூன்று ஆழங்களைக் கேட்கும். தண்ணீருக்குள் 12 மீட்டர் இறங்கும் கப்பல் என்று வைத்துக்கொண்டு சேஃப்டிக்கு 14 போட்டுப் பாருங்கள். பிறகு 2 மீட்டர் இறங்கும் விசைப்படகுக்கு 3 போட்டுப் பாருங்கள். அதே வளைகுடா இரண்டு தடவையும் வேறு வேறு இடம்போல மாறிவிடும். காகித சார்ட்டில் செய்ய முடியாத காரியம் இது. சேஃப்டிக்கு நீங்கள் கொடுத்த அளவில் சார்ட்டில் கோடு இல்லையென்றால், அதைவிட ஆழமான அடுத்த கோட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நினைத்ததைவிட அதிக இடம் ஆபத்தானதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால் அது ஆழம் இல்லை, நீர் வற்றியபோது அந்த இடம் எவ்வளவு உயரம் வெளியே நிற்கும் என்ற கணக்கு. மற்ற குறிகளுக்கு 'யூ.எஸ். சார்ட் நம்பர் 1' என்ற கையேட்டை நோவா தளத்தில் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் சார்ட், உள்ளே முழுக்கக் குறிகளின் பட்டியல், காகிதக் குறியும் திரைக்குறியும் பக்கத்தில் பக்கத்தில்.

ராஸ்டர், வெக்டர் என்கிறார்களே, எது எடுக்க?

ராஸ்டர் என்பது காகித சார்ட்டின் படம். கோப்பு .கேஏபி என்று முடியும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதன் மேல் கிளிக் செய்தாலும் விவரம் வராது. வெக்டர் என்பதில் ஒவ்வொரு மிதவையும் ஒவ்வொரு பாறையும் தனித்தனிப் பொருள். நோவா தன் காகித சார்ட்டையும் ராஸ்டரையும் 2019-இல் தொடங்கிப் படிப்படியாக நிறுத்திவிட்டது. இன்னும் சில தளங்களில் பழைய ராஸ்டர் கோப்புகள் கிடக்கின்றன; வரலாறு பார்க்க வைத்துக்கொள்ளலாம், இன்றைய கடலுக்கு ஆகாது. காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட ஆசை என்றால், நோவாவின் 'கஸ்டம் சார்ட்' கருவியில் இடத்தையும் அளவையும் தேர்ந்தெடுத்தால் இன்றைய தகவலோடு பிடிஎஃப் செய்து தரும். மாணவர்கள் பென்சிலும் பேரலல் ரூலரும் வைத்துப் பயிற்சி எடுக்க அருமையான வசதி.

எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம்தானே? அதனால் என்ன?

பெரிதாக்கலாம். ஆனால் சார்ட்டில் இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது. மின்னணு சார்ட்டுகள் ஆறு அடுக்காக வருகின்றன: 1 என்பது முழுக் கடலுக்கான மேலோட்டம், 3 கடலோரம், 5 துறைமுகம், 6 கப்பலைக் கட்டி நிறுத்தும் துறைமேடை. கோப்பின் பெயரில் முதல் இரண்டு எழுத்து நாடு, மூன்றாவதாக வரும் எண் இந்த அடுக்கு. ஓப்பன்சிபிஎன் பல அடுக்குகளை ஒட்டுப்போட்டு ஒரே படமாகக் காட்டுவதால், நீங்கள் இப்போது எந்த அடுக்கைப் பார்க்கிறீர்கள் என்பது தெரியாமலே போய்விடும். கீழே வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் பட்டைகள் எந்த சார்ட்டுகள் திரையில் இருக்கின்றன என்று காட்டும்; அவற்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற பெரிய கப்பல் மொரிஷியஸ் தீவின் பவளப்பாறையில் ஏறியது. சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த மிட்சுய் ஓ.எஸ்.கே. நிறுவனம் பிறகு வெளியிட்ட விவரப்படி, முதலில் கரையிலிருந்து 22 கடல்மைல் தள்ளிப் போகத் திட்டம். அதை 5 ஆக்கினார்கள். மொபைல் சிக்னல் கிடைப்பதற்காக 2 கடல்மைலுக்கு வர முயன்றார்கள். அவ்வளவு நெருக்கத்தில் ஆழத்தையும் தூரத்தையும் சரியாகப் பார்க்கத் தேவையான பெரிய அளவு சார்ட் அவர்களிடம் இல்லை. இருந்த சார்ட்டில் அந்தக் கரை காலியாகவும் பத்திரமாகவும் தெரிந்திருக்கும். வீட்டில் பார்க்கும்போதே இதைப் பழகிக்கொள்ள வேண்டும்: சார்ட்டில் வெறுமையாக இருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

சார்ட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நோவா வாராவாரம் திருத்தங்கள் விடுகிறது. வீட்டில் படிக்க மாதம் ஒருமுறை புதிதாக இறக்கினால் தாராளம். ஓப்பன்சிபிஎன்னுக்குள்ளேயே 'சார்ட் டவுன்லோடர்' என்று ஒரு வசதி இருக்கிறது; அதில் மாநிலத்தைச் சேர்த்துவிட்டால் எது புதிது, எது பழையது என்று அதுவே காட்டி இறக்கிக்கொள்ளும்.

கியூஜிஐஎஸ் தெரியும். அதில் திறக்க முடியுமா?

கியூஜிஐஎஸ் என்பது வரைபடத் தரவுகளை ஆராயும் இலவச மென்பொருள். முடியும், அது தனி உலகம். .000 கோப்பை வெக்டர் லேயராகச் சேர்த்தால் ஆழப் பரப்பு, ஆழக்கோடு, விளக்கு, மூழ்கிய கப்பல், நிலம் என்று ஒவ்வொன்றும் ஆறெழுத்துச் சுருக்கப் பெயரில் தனி லேயராக வரும். சார்ட் நிறமோ குறியோ தானாக வராது. நீங்கள்தான் போட வேண்டும். ஒரு வளைகுடாவில் எத்தனை மூழ்கிய கப்பல்கள், எந்த ஆழத்தில் என்று கணக்கெடுக்க வேண்டும் என்றால் ஓப்பன்சிபிஎன்னால் முடியாது, இதில் முடியும்.

ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஆழ அளவுப் புள்ளிகளைத் திறந்தால் அட்டவணையில் ஆழமே இருக்காது. நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே பொருளாகக் கட்டப்பட்டு, ஆழம் ஒவ்வொரு புள்ளியின் மூன்றாவது ஆயத்தொலைவாக உள்ளே ஒளிந்திருக்கும். கோப்பைச் சேர்க்கும்போதே கீழே வரும் விருப்பங்களில் 'ஸ்ப்ளிட் மல்டிபாயின்ட்', 'ஆட் சவுண்ட்ஜி டெப்த்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். புள்ளிகள் பிரிந்து ஆழம் தனி நெடுவரிசையாக வந்துவிடும்.

மொபைலில்?

ஓப்பன்சிபிஎன் ஆண்ட்ராய்டில் உண்டு, அதற்குக் காசு. கார்மின் நிறுவனத்தின் நேவியானிக்ஸ் போன்ற செயலிகள் சந்தா முறையில் தங்கள் சொந்தத் தொகுப்பு சார்ட்டைத் தருகின்றன. கட்டுவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய கரைக்கு எவ்வளவு விவரம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். படிக்கிறவர்களுக்குப் பெரிய திரைதான் என் பரிந்துரை.

என் மகன் கப்பலில் இருக்கிறான். அவன் கப்பல் எங்கே போகிறது என்று சார்ட்டில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். பெரிய கப்பல்கள் ஏஐஎஸ் என்ற கருவி வழியாகத் தங்கள் இடத்தை வானொலியில் சொல்லிக்கொண்டே போகும். கப்பல்களைக் காட்டும் இணையதளங்களில் பெயர் போட்டுத் தேடினால் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். ஓப்பன்சிபிஎன்னில் ஒரு குறி வைத்து அதன் விவரத்தில் இந்த எண்களைக் கொடுத்தால் அந்த இடத்தில் நிற்கும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தால் எந்தக் கால்வாய் வழியாக நுழைந்தான், எங்கே நங்கூரம் போட்டிருக்கிறான், அடியில் எவ்வளவு தண்ணீர் என்பது வரை பார்க்கலாம். எண்களைக் கொடுக்கும்போது ஒரு கவனம்: இணையதளம் 12.50 பாகை என்று தந்தால் அது 12 பாகை 30 நிமிடம், 50 நிமிடம் இல்லை.

கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் இணையதளத்தில் நாள்கணக்கில் பழைய இடத்திலேயே நிற்கும். தயவுசெய்து பயப்படாதீர்கள். கரையிலிருக்கும் ஆன்டெனாவுக்குச் சில பத்து கடல்மைல் தூரம்தான் எட்டும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள் வழியாக வரும் தகவலுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. கொள்ளை, தாக்குதல் ஆபத்து உள்ள பகுதிகளில் கேப்டனே பாதுகாப்புக்காகக் கருவியை அணைத்துவைப்பதும் உண்டு. அடுத்த கரையை நெருங்கும்போது பெயர் மறுபடி வரும்.

இதையே படகில் கொண்டுபோய்ப் பயன்படுத்தலாமா?

சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்களில் எக்டிஸ் என்ற அங்கீகரிக்கப்பட்ட மின்னணு சார்ட் கருவி கட்டாயம். 2012 முதல் 2018 வரை கப்பல் வகைவாரியாக அது அமலுக்கு வந்தது. ஓப்பன்சிபிஎன் எக்டிஸ் இல்லை, அதற்கான சான்றும் அதற்குக் கிடையாது. சிறு படகில் துணைக்கு வைத்துக்கொள்பவர்கள் உண்டு, ஆனால் அந்தக் கரையின் உரிமம் பெற்ற, இன்றைய தேதிக்குத் திருத்திய சார்ட் உள்ளே இருக்க வேண்டும். ஓப்பன்சீமேப்பையோ கெப்கோவையோ நம்பி ஒரு படகையும் கரையிலிருந்து எடுக்காதீர்கள். அதிகாரப்பூர்வ சார்ட்டே தவறியதும் உண்டு: 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் கப்பல் பிலிப்பைன்ஸில் துப்பத்தாஹா பவளப்பாறையில் ஏறியபோது, அதன் மின்னணு சார்ட்டில் அந்தப் பாறை சுமார் எட்டுக் கடல்மைல் தள்ளிப் போடப்பட்டிருந்தது.

எஸ்-101 என்று புதிதாக ஏதோ வருகிறதாமே? இப்போது கற்பது வீணாகிவிடுமா?

வீணாகாது. எஸ்-57-க்கு அடுத்த தலைமுறை அது. 2026 ஜனவரி முதல் கப்பல்களில் அதற்கான எக்டிஸ் வைக்கலாம், 2029 ஜனவரி முதல் புதிதாகப் பொருத்தும் எக்டிஸ் எல்லாம் அதைப் படிக்க வேண்டும். இடைக்காலத்தில் இரண்டு வடிவத்திலும் சார்ட்டுகள் வரும். கோப்பின் வடிவம்தான் மாறும். ஆழக்கோடு, மிதவை, விளக்கின் ஒளிமுறை இவற்றைப் படிக்கும் திறன் அப்படியே உதவும். தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் மேரிலாந்து சார்ட்டை முடித்ததும் வாஷிங்டன் மாநிலத்தின் புஜெட் சவுண்டைத் திறந்து பாருங்கள்: பெரிய கப்பல்களுக்கான போக்குவரத்துப் பிரிப்பு வழிகள், தீவுகள், ஆழமான கால்வாய்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.